வாய் ஓயாமல் கதைப்பான், ஆனால் ஒருவரோடு இருந்து கதைக்கத் தெரியாது

கேள்வி:

வணக்கம் டொக்டர். நாங்கள் இணுவில். மகனுக்கு ஏழரை வயது, தரம் இரண்டு படிக்கிறான். வாய் ஓயாமல் கதைப்பான். காங்கேசன்துறையில் இருந்து கொழும்புக் கோட்டை வரை ரயில் நிற்கும் இடங்களை வரிசை பிசகாமல் சொல்லுவான். வாசிப்பும் கணக்கும் நல்லம். ஆனால் ஒருவரோடு இருந்து கதைக்கத் தெரியாது. "இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன நடந்தது?" என்று கேட்டால் பேசாமல் எழும்பிப் போய்விடுவான். மற்றப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்ப்பதில்லை. வகுப்பு ரீச்சர், "கெட்டிக்காரன், ஆனால் மரியாதை தெரியாது" என்கிறா. போன மாதம் பெரியம்மா வீட்டில் சாப்பிடும்போது, "கறிக்கு உப்புக் கூட. பெரியம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது எண்டு அம்மா சொன்னவ" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். ஒருவர் முகத்திலும் முழிக்க முடியவில்லை. ஓட்டோ வழக்கமான ஒழுங்கையால் போகாவிட்டால் அழுகை. கோயிலில் மேளம் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். "இவன்ர தேப்பனும் சின்னனில இப்பிடித்தான், சரியாய் வந்திடுவான்" என்கிறா மாமி. கனடாவில் இருக்கும் மச்சாள் வீடியோ கோலில் பார்த்துவிட்டு ஓட்டிசம் என்கிறா. கணவர் நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார். கொரோனா நேரம் போனைக் கொடுத்து இருத்தியது உண்மைதான். அதனால் வந்ததா? அடித்துத் திருத்துகிற பழக்கமா, மருந்து எடுக்கிற வருத்தமா? பள்ளிக்கூடம் மாற்ற வேண்டுமா?

ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் டொக்டர் இல்லை, பேச்சு மொழிச் சிகிச்சையாளர். இதை முதலே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஓட்டிசமா இல்லையா என்று தீர்மானிப்பது வைத்தியர்களின் வேலை. அதற்கு அவர்கள் பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும். கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, வீடியோ கோலை வைத்து மச்சாளும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் விசயம் நிறைய இருக்கிறது. அதை வைத்துக் கதைப்போம்.

பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டதா என்று பார்க்கும்போது எல்லோரும் இரண்டைத்தான் கவனிப்பார்கள்: சொல் தெளிவாக வருகிறதா, வசனம் சரியாக அமைகிறதா. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. தெரிந்த மொழியை ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்றமாதிரிப் பாவிப்பது. எப்போது தொடங்குவது, எப்போது விடுவது, எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இந்தக் கதை அவருக்குப் பிடிக்கிறதா, அவர் சொன்னதற்கு உள்ளே வேறு பொருள் இருக்கிறதா, எல்லாம் அதற்குள் அடங்கும். இதில் வரும் சிக்கலைத்தான் சமூகத் தொடர்பாடல் இடர்பாடு என்கிறோம். உங்கள் மகனுக்கு முதல் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. அதனாலேயே மூன்றாவதில் உள்ள சிக்கலை மற்றவர்கள் அவனுடைய குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சே வராத பிள்ளை என்றால் ஊர் இரக்கப்படும். நன்றாகப் பேசுகிற பிள்ளை இடம் தெரியாமல் ஒன்றைச் சொன்னால் வளர்ப்புச் சரியில்லை என்று பழி தாயின் தலையில்தான் விழும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை கதைத்துப் பழகுவது லேசான காரியமும் இல்லை. நாங்கள் நினைத்ததை நேரே சொல்கிற ஆட்களா? வீட்டுக்கு வந்தவர் எழும்பும்போது "அப்ப வாறன்" என்பார், போய்விடுவார். "சாப்பிடுங்கோவன்" என்றால், "ஐயோ வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்பார்கள். வீட்டுக்காரி கோப்பையை வைப்பா, அவர்களும் சாப்பிடுவார்கள். மாமரத்தில் கால் வைக்கிற பெடியனைப் பார்த்து "ஏறடா பாப்பம்!" என்று அதட்டுவோம். ஏறாதே என்பதுதான் பொருள் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். ஒருவரும் இருத்திவைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை, பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. உங்கள் மகன் மாதிரிப் பிள்ளை ஏறிவிடுவான். ஏறியதற்கு ஓர் அடி. "நீங்கள்தானே ஏறச் சொன்னனீங்கள்" என்று கேட்டால் வாய்க்காரன் என்று இன்னொன்று.

ரீச்சர் மரியாதை தெரியாது என்று சொன்னதை நீங்கள் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். என்ன சொன்னான், எப்படிச் சொன்னான்? எங்கள் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று இருக்கின்றன. யாருக்கு எது என்பதை வயது, உறவு, நெருக்கம், அந்த நேரத்துக் கோபதாபம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். பள்ளிக்கூட அதிபரை நீ என்றும் வீட்டுப் பூனையை நீங்கள் என்றும் கூப்பிட்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அதிபரில் வெறுப்பும் இல்லை, பூனையில் பக்தியும் இல்லை. இன்னும் சில பிள்ளைகள் யூரியூப் கார்ட்டூனில் இருந்து தமிழைப் பிடித்து, கோண்டாவிலில் இருந்துகொண்டு "என்ன பண்றீங்க, சூப்பரா இருக்கு" என்று சென்னைப் பாணியில் கதைப்பார்கள். வீட்டில் சிரிப்பார்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் நையாண்டி பண்ணுவார்கள். இது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் சுற்றியிருக்கிற மனிதரின் பேச்சைவிடத் திரையின் பேச்சுத்தான் ஒரு பிள்ளையிடம் அதிகம் ஒட்டுகிறது என்றால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சரி, பெரியம்மா வீட்டுக் கதைக்கு வருவோம். அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கறிக்கு உப்புக் கூடத்தான் இருந்திருக்கும், நீங்களும் அப்படிச் சொல்லித்தான் இருப்பீர்கள். அவனுக்குத் தெரியாமல் போனது வேறு. குசினியில் அம்மா சொன்னது குசினியோடு நிற்க வேண்டியது என்பது ஒன்று. சமைத்தவ முன்னால் நிற்கிறா, கேட்டால் அவவுக்கு நோகும் என்பது இன்னொன்று. தான் அறிந்ததை மற்றவர் அறிந்திருக்கத் தேவையில்லை, தான் நினைப்பதையே மற்றவரும் நினைப்பார் என்றில்லை என்கிற விளக்கம் அநேகம் பிள்ளைகளுக்கு நாலு ஐந்து வயதில் வந்துவிடும். 1985 இல் லண்டனில் சைமன் பரன் கோகன் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் ஒரு பொம்மைக் கதையை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பொம்மை கூடைக்குள் கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகும், மற்றது அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிடும். திரும்பி வந்த பொம்மை எங்கே தேடும்? இடம் மாறியது அதற்குத் தெரியாது, கூடைக்குள்தான் தேடும். ஆனால் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் பெட்டிக்குள் என்றார்கள். குண்டு உண்மையில் இருப்பது அங்கேதானே. இந்த விளக்கம் பிந்தி வரலாம், படித்தும் வரலாம். உங்கள் மகனுக்கு வராது என்று நினைக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி அவனுக்கு ஏன் கடினம் என்பதும் இதிலிருந்து விளங்கும். ரயில் நிலையங்கள் ஒரு வரிசை: சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில். யார் கேட்டாலும் அதே வரிசைதான். பள்ளிக்கூடத்தில் நடந்ததோ பல மணித்தியாலம். அதில் அம்மாவுக்குத் தெரியாதது எது, அம்மா கேட்க விரும்புவது எது என்று பொறுக்கி எடுக்க வேண்டும். அதனால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். "இடைவேளைக்கு எங்க நிண்டனீ?" "தமிழ்ப் பாடத்துக்கு என்ன எழுதினீங்கள்?" இன்னும் நல்லது, கேட்காமல் நீங்கள் உங்கள் நாளில் ஒன்றைச் சொல்வது: "இண்டைக்குச் சந்தையில ஒரு மாடு தக்காளிக் கூடையில வாய் வைச்சிட்டுது." சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பத்துச் செக்கன் பேசாமல் இருப்பது தாய்மாருக்குப் பெரிய பாடு, எனக்குத் தெரியும். ஆனால் அவன் யோசிக்க அந்த இடைவெளி வேண்டும்.

இனி ஓட்டிசமா என்ற கேள்வி. லியோ கானர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி 1943 இல் எழுதிய கட்டுரையோடு இந்தப் பெயர் பரவத் தொடங்கியது. இப்போது வைத்தியர்கள் இரண்டு பகுதிகளைப் பார்க்கிறார்கள். மற்றவரோடு தொடர்புகொள்வதில் உள்ள சிரமம் ஒன்று. மாறாத ஒழுங்கில் பிடிவாதம், ஒரே விசயத்தில் அளவுக்கு மீறிய ஈடுபாடு, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள், சத்தம் வெளிச்சம் தொடுகை ஆகியவற்றில் வழமைக்கு மாறான கூச்சம் அல்லது நாட்டம் ஆகியவை மற்றது. இரண்டும் சிறுவயதிலிருந்து இருந்து, அன்றாட வாழ்வைப் பாதித்தால்தான் ஓட்டிசம். முதலாவது மட்டும் இருந்து இரண்டாவது இல்லை என்றால், அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013 இல் வெளியிட்ட கையேட்டில் சமூகத் தொடர்பாடல் கோளாறு என்று தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நாலு ஐந்து வயதுக்கு முன் பெரும்பாலும் வைப்பதில்லை. வைக்கும் முன் ஓட்டிசம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

ரயில் பைத்தியம் மட்டும் என்றால் நான் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். 2014 இல் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது தண்டவாளத்து ஓரத்தில் நின்று கைகாட்டிய பெரியவர்களுக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது. ஆனால் நீங்கள் ஓட்டோவையும் மேளத்தையும் எழுதியிருக்கிறீர்கள். தவிலுக்குப் பேர்போன இணுவிலில் பிறந்துவிட்டு அதற்கே காதைப் பொத்துகிறான் என்று ஊரில் பகிடி பண்ணியிருப்பார்கள். அவனுக்கு அது பகிடி இல்லை, உண்மையாகவே நோகும். இந்த இரண்டும் சேரும்போது, ஓட்டிசம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மச்சாள் சொன்ன விதம் பிழையாக இருக்கலாம், சந்தேகம் நியாயமானதுதான்.

மாமி சொன்னதிலும் பாதி சரி. இது பரம்பரையில் வரக்கூடியது. தகப்பன் இப்படி இருந்தவர் என்றால் அது முக்கியமான தகவல். ஆனால் "சரியாய் வந்திடுவான்" என்ற மற்றப் பாதியை உங்கள் கணவரிடமே ஒரு நாள் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு யாரோடு இருந்தார்? எத்தனை பேர் அவருக்குக் கூட்டாளிகள்? கலியாண வீட்டுக்குப் போனால் ஏன் படலையடியில் நிற்கிறார்? சரியாக வந்தவர்களில் சிலர் நிறையப் பாடுபட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

போனைக் கொடுத்ததால் வந்ததல்ல. ஓட்டிசத்தின் அடிப்படை மூளை வளரும் விதத்தில் இருக்கிறது, பெரும் பங்கு பிறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. செல்லத்தாலும் வராது. தடுப்பூசியாலும் வராது, அப்படிச் சொன்ன 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் மீளப் பெற்றுவிட்டது. போன் செய்வது என்னவென்றால், பிள்ளை ஆட்களோடு கதைக்கக்கூடிய நேரத்தைத் தின்றுவிடும். கொரோனாவில் வீட்டுக்குள் அடைபட்டு இருந்தபோது போன் கொடுக்காத தாய் யார்? அதை விடுங்கள். இப்போது சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போனை எடுத்து வையுங்கள். எல்லாருடைய போனையும்.

முதல் வேலை கேட்டல் பரிசோதனை. மேளத்துக்குக் காதைப் பொத்துகிற பிள்ளைக்குக் காதில் என்ன குறை என்று நினைப்பீர்கள். தடிமன் அடிக்கடி வரும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தங்கிக் கேட்டல் கூடிக் குறையும். வகுப்புச் சத்தத்துக்குள் ரீச்சர் சொல்வதில் பாதி பிடிபடாது. அதோடு வேறு சில நிலைமைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கூச்சமுள்ள பிள்ளை வெளியில் வாய் திறக்காது, வீட்டுக்குள் வந்தால் முன்னும் பின்னும் நன்றாகக் கதைக்கும். கவனக்குறைவும் துடிப்பும் உள்ள பிள்ளை இடையில் விழுந்து கதைக்கும், ஆனால் மற்றவர் முகம் மாறியதைக் கண்டுபிடித்துவிடும். உங்கள் மகனுக்கு வீட்டிலும் அதே சிரமம் என்பதுதான் என் கண்ணில் படுகிறது.

போக வேண்டிய வழி இது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது உங்களுக்குத் தெரிந்த குடும்ப வைத்தியரிடம் சொல்லி, யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள். குழந்தை நல வைத்தியர் பார்த்துவிட்டுத் தேவைக்கேற்ப உளநலப் பிரிவுக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் அனுப்புவார். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை, காத்திருப்புத்தான் உண்டு. பிறந்தபோது தந்த கிளினிக் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். ஒன்றரை வயது வரைக்கும் எப்படி இருந்தான் என்று கேட்பார்கள்: பெயர் சொல்லிக் கூப்பிடத் திரும்பினானா, நிலாவையோ விமானத்தையோ விரலால் காட்டிவிட்டு நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்த்தானா, மண்சோறு சமைத்து விளையாடினானா? அம்மம்மாவுக்கு இது கட்டாயம் ஞாபகம் இருக்கும், அவவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

பெயர் வைத்த பிறகுதான் உதவி தொடங்க வேண்டும் என்றில்லை. கீழே சொல்வதை நாளைக்கே தொடங்கலாம்.

ஒரு சின்னக் கோப்பையும் கொஞ்சம் வறுத்த கச்சானும் எடுங்கள். நீங்கள், அவன், மூன்றாவதாக ஓர் ஆள். ஆளுக்கு ஐந்து கச்சான். ஒருவர் ஒரு கதையைத் தொடங்க வேண்டும். அந்தக் கதையோடு ஒட்டி ஏதாவது சொன்னால், அல்லது கேட்டால், கோப்பைக்குள் ஒரு கச்சான் போடலாம். நீங்கள்: "அப்பம்மா கிணத்தடியில வழுக்கிட்டா." அவன் பெரும்பாலும், "பளையில ரயில் கனநேரம் நிக்கும்" என்பான். ஏசாதீர்கள். "அது ரயில் கதை. அதுக்குப் பிறகு ஒரு ஆட்டம் வைப்பம். இது அப்பம்மான்ர கதை" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது ஆளைப் போட விடுங்கள்: "எப்ப?" ஒரு கச்சான். "விழுந்தவவோ?" இன்னொன்று. அவனுக்குக் கைவசம் வைத்திருக்க மூன்று வசனம் கொடுங்கள்: "ஏன்?", "பிறகு?", "எனக்கும் ஒருக்கா அப்பிடி நடந்தது." முதல் கிழமை இவற்றை இயந்திரம் மாதிரித்தான் சொல்லுவான். சொல்லட்டும். கச்சான் முடிந்ததும் ஆட்டம் முடிந்தது, எல்லோரும் சாப்பிடலாம். நீட்ட வேண்டாம்.

அவனுக்கு ரயில் சிக்னல் தெரியும்தானே, அதையே எடுங்கள். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் பச்சை. "ம்… ம்…" என்று மட்டும் சொன்னாலோ மணிக்கூட்டைப் பார்த்தாலோ மஞ்சள். எழும்பிவிட்டால் சிவப்பு. மஞ்சள் விழுந்தால் "இன்னும் சொல்லட்டோ?" என்று கேட்கப் பழக்குங்கள். நீங்களும் உங்கள் பக்கத்தில் ஒளிக்காமல், "இப்ப எனக்கு மஞ்சள் வந்திட்டுது, சமைக்க வேணும்" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். ஆனால் நாள் முழுக்கச் சிக்னல் போடக் கூடாது. தினமும் கொஞ்ச நேரம் அவன் ஆசை தீர ரயில் கதை சொல்லவும் நீங்கள் உண்மையாகவே கேட்கவும் வேண்டும். தன்னை எந்நேரமும் மறைத்துக்கொண்டு மற்றவர் மாதிரி நடிக்கப் பழகிய பிள்ளைகள் வளர்ந்த பிறகு மனம் களைத்துப் போகிறார்கள்.

எங்காவது போகும் முன் அந்த இடத்தைப் பற்றி ஒரு சின்னக் கதை எழுதி, ஒன்றிரண்டு படம் கீறி வாசித்துக் காட்டலாம். கரொல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1991 அளவில் தொடங்கிய முறை இது. கட்டளைகள் குறைவாகவும் விளக்கம் கூடவும் இருக்க வேண்டும். உங்களுக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போவோம். அங்கே சாப்பாடு தருவார்கள். சில கறி எனக்குப் பிடிக்கும், சிலது பிடிக்காது. பிடிக்காவிட்டால் 'எனக்குப் போதும்' என்று சொல்லலாம். பெரியம்மா காலையில் இருந்து சமைத்தவ. கறி சரியில்லை என்று சொன்னால் அவ கவலைப்படுவா. எனக்கு அதைச் சொல்ல வேண்டும்போல இருந்தால், வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் சொல்லலாம்."

மற்றது, அவன் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் பெரியம்மாவின் சமையலைப் பற்றிக் கதைக்காமல் இருப்பதும் நல்லது.

கண்ணைப் பார்த்துக் கதை என்று நாடியைப் பிடித்துத் திருப்பாதீர்கள். பெரியவர்கள் ஏசும்போது கண்ணைப் பார்த்தால் எங்கள் ஊரில் அதற்கும் ஏச்சுத்தானே விழுகிறது. சில பிள்ளைகளுக்குக் கண்ணைப் பார்த்துக்கொண்டே காதால் கேட்பது முடியாத வேலை. உங்கள் பக்கம் திரும்பி நின்றால் போதும். "ஏறடா பாப்பம்" மாதிரிக் குத்தல் பேச்சையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிட்டு, "ஏறாதே, கிளை பழுது" என்று நேரே சொல்லுங்கள். கோயிலுக்கு ஆட்கள் குறைந்த நேரத்தில் போங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கிறது, தேருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நேர்த்தி வைக்காதீர்கள்.

விளையாட்டுக்கு ஒரு பிள்ளை போதும். ஒழுங்கையில் பத்துப் பேர் கிரிக்கெட் அடிக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டால் அவன் வேலியோரம் நிற்பான். பொறுமையான ஒரு மச்சானையோ அயல்வீட்டுப் பிள்ளையையோ கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள். கட்டை அடுக்கித் தண்டவாளம் போடலாம், மாவில் ரொட்டி தட்டலாம். அரை மணித்தியாலம் போதும், சண்டை வர முதல் முடித்துவிடுங்கள். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தானும் ஓட்டிசம் உள்ளவர், 2012 இல் ஒரு கருத்தைச் சொன்னார்: விளங்காமை இரண்டு பக்கத்திலும் இருக்கிறது, ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவரை விளங்காதது மாதிரி மற்றவருக்கும் அவரை விளங்குவதில்லை. நான் இதை நம்புகிறேன். ரயில் பிடித்த இன்னொரு பெடியனோடு உங்கள் மகனை விட்டுப் பாருங்கள், அவ்வளவு தடுமாற மாட்டான்.

பேச்சுச் சிகிச்சையில் நாங்கள் செய்வதும் இதே மாதிரி வேலைகள்தான், பிள்ளைக்கு ஏற்ப ஒழுங்கு செய்து, பெற்றோரையும் ரீச்சரையும் சேர்த்து. பிரித்தானியாவில் ஆறிலிருந்து பத்து வயது வரையான 88 பிள்ளைகளோடு செய்த ஆய்வொன்று 2012 இல் வந்தது. மொழிப் பரீட்சைப் புள்ளிகளில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் பிள்ளைகள் உரையாடும் விதம் முன்னேறியதாகப் பெற்றோரும், வகுப்பில் வித்தியாசம் தெரிந்ததாக ஆசிரியர்களும் சொன்னார்கள். எனவே எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இதை மாற்றுகிற மருந்து இல்லை. நித்திரையின்மை, பதற்றம், கவனக்குறைவு கூட இருந்தால் அவற்றுக்கு வைத்தியர் மருந்து தரலாம். நூல் கட்டுவதால் உங்கள் மனம் ஆறும் என்றால் கட்டுங்கள், கிளினிக் திகதியை மட்டும் தவறவிட வேண்டாம். முற்றாக மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும், எந்த நாட்டில் படித்தவராக இருந்தாலும், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடி வேண்டாம். விதி தெரியாத பிள்ளைக்கு அடித்தால், அடி விழுந்த இடம்தான் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் அடிப்பதைக் கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே தடை செய்திருக்கிறது.

பள்ளிக்கூடம் மாற்றவும் வேண்டாம். வாசிப்பும் கணக்கும் நன்றாக இருக்கிற பிள்ளை இதே வகுப்பில் இருக்கலாம், புது இடம் அவனுக்கு இன்னும் சிரமம். ரீச்சரைச் சந்தித்து மூன்று விசயம் கேளுங்கள். "எல்லாரும் கொப்பியை எடுங்கோ" என்றால் அந்த எல்லாரில் தானும் ஒருவன் என்று அவனுக்குப் படாமல் போகலாம், அவன் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பாட நேரத்தைவிட இடைவேளைதான் அவனுக்குக் கஷ்டம், அப்போது ஒரு வேலையோ ஒரு கூட்டாளியோ ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள். பாடசாலை நேரசூசியில் மாற்றம் இருந்தால் முதல் நாளே அவனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கிற ரீச்சரிடம் இதற்கு மேல் கேட்டால் ஒன்றும் நடக்காது.

எனக்கு உண்மையில் பயம் தரம் ஐந்து. இவன் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுக்கக்கூடிய பிள்ளை. எடுத்தால் படம் பேப்பரில் வரும், எல்லோரும் இந்தக் கடிதத்தை மறந்துவிடுவீர்கள். பெரிய பள்ளிக்கூடத்தில் தரம் ஆறில், அவனை அறியாத பெடியன்களுக்கு நடுவில்தான் இந்தச் சிரமம் முழுதாக வெளிக்கிடும். இப்போதே பின்னேர ரியூசன் இரண்டு மூன்றுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் ஒன்றை நிற்பாட்டுங்கள். அந்த நேரம் கச்சானுக்கும் அந்த ஒரு கூட்டாளிக்கும் வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும் முன், அவன் இன்னொரு பிள்ளையோடு விளையாடுவதைப் போனில் இரண்டு நிமிடம் எடுத்து வையுங்கள். புது இடத்தில் பிள்ளைகள் வீட்டில் மாதிரி இருக்க மாட்டார்கள், வைத்தியருக்கு அது உதவும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செல்லம் கொடுத்துக் கெட்டதில்லை என்று நீங்கள் சொல்வதை விட வைத்தியர் சொன்னால் அவருக்கு ஏறும். தகப்பன் சின்ன வயதில் எப்படி இருந்தார் என்றும் கேட்பார்கள், மாமியின் வாயால் வருவதை விட அதற்கு அவரே பதில் சொல்வது நல்லது. கிழமை நாளில்தான் திகதி கிடைக்கும், இப்போதே ஒரு நாள் லீவுக்குச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.